பாவனை வானமும் மெய்ந்நகரங்களும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபொழுது, வழக்கம்போல இலக்கியப் பொருள் ஒன்றையே யாம் எழுதித் தருவோம் என எண்ணியிருத்தல் கூடும். இம்முறை எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் செயலாளர் சற்றே திகைத்தார். தமிழாசிரியர் ஒருவருக்கும் விமானம் ஓட்டுவதற்கும் யாது தொடர்பு என்னும் வினாவை அவர் வாய் கேட்கவில்லை, முகம் கேட்டது. தொடர்பு உண்டு. நகர் ஒன்றைக் காணாதார்க்குக் காட்டுதல் எமது புலவர் நெடுங்காலமாகச் செய்துவந்த தொழில். புகாரையும் மதுரையையும் நாம் அவர் சொல்லாலன்றோ கண்டோம். அத்தொழிலைக் கணினி கொண்டு செய்ய முற்பட்டோர் எங்கே வென்றனர், எங்கே இடறினர் என அறிய விரும்புதல் தமிழாசிரியனுக்கு அடாத செயல் அன்று.

எமக்கு இதிற் புகுவாயில் திறந்தவன் உயர்தர வகுப்பில் எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன். பாடசாலை விட்டபின் கணினி அறையில் அவன் விமானம் ஓட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு கண்டிக்கச் சென்ற யாம், அரைமணி நேரம் அவன் பின்னே நின்றுவிட்டோம். மாணவர் இதனைப் பிளைற் சிமுலேற்றர் என வழங்குவர். யாம் பறப்புப் பாவனைப் பொறி எனப் பெயர்த்து, சுருக்கமாகப் பாவனைப் பொறி என்றே இக்கட்டுரையில் எழுதுவோம். அப்பெயர் பிடிக்காதவர் வேறொன்றை வைத்துக்கொள்க.

விமானத்தின் அசைவைப் பாவனை செய்தல் ஒன்று. அதன் கீழே கிடக்கும் நிலத்தைப் பாவனை செய்தல் மற்றொன்று. முதலாவது கணிதம். இறக்கையின்மீது காற்று எவ்வாறு விசை தரும் என்பதற்குச் சமன்பாடுகள் உள்ளன. அவை இலண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் ஒன்றே. இரண்டாவதற்குச் சமன்பாடு இல்லை. ஒரு தெருவில் மூன்றாம் வீடு மாடிவீடா, ஓட்டுவீடா என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. எவரேனும் சென்று பார்த்தல் வேண்டும். யாம் ஈண்டு விளக்கப் புகுந்தது இவ்விரண்டாவதனையே.

வியப்பு யாதெனில், முதற் பாவனைப் பொறிக்குச் சாளரமே இல்லை. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்துப் பிங்காம்ரன் நகரில் ஓர்கன் வாத்தியமும் பியானோவும் செய்த குடும்பத்திற் பிறந்த எட்வின் லிங்க் என்பார், தந்தையாரின் தொழிற்சாலையிற் கிடந்த துருத்திகளைக் கொண்டு, 1920களின் இறுதியில், சாய்ந்தும் திரும்பியும் ஆடும் சிறு விமானக் கூடொன்றைச் செய்தார். முதலில் அது கேளிக்கைப் பூங்காக்களிலேயே விலைபோயிற்று. 1934இல் அமெரிக்கப் படையின் வான்பிரிவு தபால் சுமக்கும் பணியை ஏற்று, மோசமான காலநிலையிற் பறந்த விமானிகள் பலரைச் சில வாரங்களுக்குள் இழந்தது. வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்க விமானிகள் பயிலவில்லை என்பது அப்போது தெளிவாயிற்று. லிங்கின் பொறி படையினுள் நுழைந்தது அவ்வாறே. மேலே மூடியிட்டு மாணவ விமானியை இருளில் அமர்த்துவர். நகரையும் நிலத்தையும் மறைப்பதே அப்பொறியின் நோக்கம். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானிகள் பெருந்தொகையினர் அந்த நீலப் பெட்டிக்குள் இருந்தே பயின்றனர்.

ஆயினும் தரையிறங்குதல் கண்ணாற் செய்யும் வேலை. 1960களிலும் 70களிலும் பெரும் பயிற்சி நிலையங்களில், விமான நிலையம் ஒன்றையும் அதன் சுற்றுப்புறத்தையும் சிற்றுருவாகச் செய்து ஒரு சுவரில் நிறுத்தினர். விமானி கைப்பிடியை அசைக்கும்போது தொலைக்காட்சிப் படக்கருவி ஒன்று அச்சுவரின்மேல் ஊர்ந்து, தான் கண்டதை விமானியின் முன்னுள்ள திரைக்கு அனுப்பும். மரங்களும் கூரைகளும் கையாற் செய்து ஒட்டப்பட்டவை. பலகை முடியும் இடத்தில் உலகமும் முடிந்தது. அதன்பின் கணினி காட்சி வரையத் தொடங்கியபோது, முதலில் வரைந்தவை இரவுக் காட்சிகளே. பகலில் நகரைக் காட்ட ஆயிரம் கூரையும் நிழலும் வேண்டும். இரவில் நகரம் என்பது கறுப்புத் தாளிற் குத்திய ஒளிப்புள்ளிகளே அல்லவா! அக்காலக் கணினிக்கு அவ்வளவே இயன்றது.

இனி, வீட்டு மேசைக்கு வருவோம். இலினோய் பல்கலைக்கழகத்திற் பயின்ற புறூஸ் ஆட்விக் என்பார், விமானியின் கண்முன் விரியும் காட்சியைச் சிறு கணினியால் வரையலாம் எனத் தம் ஆய்வேட்டில் எழுதி, பின்னர் அதனைச் செய்தும் காட்டினார். அவரது பொறி அப்பிள் கணினிக்கு 1980ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. 1982இல் மைக்றோசொவ்ற் நிறுவனம் அவரிடம் உரிமை பெற்று ஐ.பி.எம். கணினிக்கு ஒரு பதிப்பை வெளியிட்டது. அதில் விமானம் புறப்படும் இடம் சிக்காகோவில், மிச்சிகன் ஏரிக்கரையிலிருந்த மெய்க்ஸ் என்னும் சிறு விமான நிலையம். திரையில் ஒரு நேர்கோடு ஏரிக்கரை. சில கோடுகள் வீதிகள். வெற்றுச் சட்டங்கள் கட்டிடங்கள். உலகம் முழுவதும் சிக்காகோ, சியாற்றில், லொஸ் ஏஞ்சலிஸ், நியூயோர்க்-பொஸ்ரன் ஆகிய நான்கு பகுதிகளில் அடங்கிவிட்டது. நான்கும் அமெரிக்காவிலேயே இருந்தன. அதில் அன்று எவரும் குறை காணவில்லை. வாங்கியவரும் பெரும்பாலும் அங்கேயே இருந்தனர்.

பதினொரு ஆண்டு கழித்து, 1993இல் வந்த பதிப்பில் நிலத்தின்மேற் படங்கள் போர்த்தப்பட்டன. வெறும் பச்சைத் தளம் வயலாகவும் காடாகவும் ஊராகவும் தோன்றத் தொடங்கியது. ஆனால் அந்தப் படங்கள் சிலவே. துணிக்கடையில் ஒரே அச்சுக்கட்டையாற் சேலை முழுவதும் பூப்பதிப்பதுபோல, ஊர் என்று வந்தால் ஒரே ஊர்ப்படத்தைத் திரும்பத் திரும்பப் பதித்தனர். பின்னர் 2001இல் வந்த பதிப்பு, அப்படத்தின்மேல் வீடுகளையும் மரங்களையும் தானே நட்டது. 'தன்னாக்கம்' என இதனைக் கூறலாம். எங்கே ஊர் என்று நிலவகைப் பட்டியல் சொல்கிறதோ, அங்கே பொறி தன் கையிருப்பிலுள்ள வீடுகளை எடுத்து வைக்கும். அவ்வீடுகள் எந்த நாட்டு வீடுகள் என்பதில் இருக்கின்றது பொருள்.

எக்ஸ்-பிளேன் என்னும் மற்றொரு பொறி இதற்கு நல்ல உதாரணம். ஒஸ்ரின் மேயர் என்னும் அமெரிக்கர் ஆக்கியது. 2011இல் வந்த அதன் பத்தாம் பதிப்பு, ஓப்பின் ஸ்ற்றீற் மப் என்னும் பொதுமக்கள் வரையும் உலகப்படத்திலிருந்து வீதிகளைப் பெற்றுக்கொண்டது. அதனால் வீதிகள் உண்மையான வீதிகள். எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளைந்தன. ஆனால் வீதிகளின் இருமருங்கும் நின்றவை அமெரிக்கப் புறநகர் வீடுகள்! முன்னே புல்தரையும் பக்கத்தே மோட்டார்க் கொட்டகையும் உடைய அவ்வீடுகள் ரோமிலும் நின்றன, கெய்ரோவிலும் நின்றன. 2017இல் வந்த பதினொராம் பதிப்பில் ஐரோப்பிய வீடுகளும் சேர்க்கப்பட்டன. எஞ்சிய உலகம் இவ்விரண்டில் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

நகரை உள்ளவாறே காட்டுதற்குரிய வழி வேறு. அதுவே ஒளிப்பட அளவை. இதன் அடிப்படை மிக எளியது. நம் பிள்ளைகள் நாள்தோறும் காண்பது. பேருந்தின் சாளரத்தருகே அமர்ந்து செல்கையில், வேலியோரத்துப் பூவரசு விரைந்து பின்னோக்கி ஓடுகின்றது. அப்பாலுள்ள பனை மெல்லச் செல்கின்றது. தொலைவிலுள்ள தண்ணீர்த் தாங்கி நம்மோடு கூடவே வருவதுபோலத் தோன்றுகின்றது. எப்பொருள் எவ்வளவு நகர்ந்தது என்பதை அளந்தால் அது எவ்வளவு தொலைவில் உள்ளது எனச் சொல்லலாம். விமானம் ஒன்று நகரின்மேல் உழவுச் சால்போல வரிவரியாகப் பறந்து, ஒவ்வொரு படமும் முன்னைய படத்தின் பெரும்பகுதியை மீண்டும் உள்ளடக்கும்படி படமெடுக்கின்றது. ஒரு படக்கருவி நேர்கீழே நோக்கும். நான்கு கருவிகள் நாற்புறமும் சரிந்து நோக்கும். சரிந்து நோக்கும் கருவிகள் இன்றியமையாதன. நேர்கீழ் நோக்குவது கூரையை மட்டும் காணும், சுவரைக் காணாது. பின்னர்க் கணினி, ஒரே கூரை மூலை எந்தெந்தப் படத்தில் எந்தெந்த இடத்தில் விழுந்துள்ளது எனத் தேடிப் பிடிக்கின்றது. அவ்வாறு இலட்சோப இலட்சம் மூலைகள். ஒவ்வொன்றுக்கும் முக்கோண கணிதத்தால் இடமும் உயரமும் கிடைத்தபின், அப்புள்ளிகளை இணைத்து முக்கோணங்களாலான ஒரு வலையைப் பின்னி, அந்த வலையின்மேல் எடுத்த படங்களையே மீண்டும் போர்த்துகின்றது. கோட்டையும் கோபுரமும், பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் உலரும் துணியும் அவ்வலையில் அகப்பட்டுவிடும்.

ஆயினும் இதிலும் குறைகள் உள. தொலைவிலிருந்து பார்க்குங்கால் இது மெய்ந்நகரமே. தாழப் பறந்து அருகே சென்றால் உருகிய மெழுகு. மரத்தின் இலைகளுக்கிடையே வெளி உண்டு என்பதை வலை அறியாது. மரம் பச்சைக் கட்டியாக நிற்கும். பாலத்தின் கீழ்ப்புறத்தை மேலிருந்து எடுத்த படம் காணாதாகையால், பாலத்தடி அடைபட்டு அணைபோலத் தோன்றும். கண்ணாடிக் கட்டிடங்கள் மிகவும் தொல்லை தருவன. கண்ணாடியிற் தெரிவது வானமும் எதிர்வீடுமே ஆதலால், கணினி பற்றிக்கொள்ள ஒரு நிலைத்த புள்ளி அங்கே இல்லை. படமெடுத்த நாளின் நிழல் கூரையிலேயே ஒட்டிக்கிடக்கும். பொறியில் மாலையானாலும் அந்த முற்பகல் நிழல் அகலாது. கையினால் ஒவ்வொன்றாகச் செய்யும் கட்டிடங்களில் இக்குறைகள் இல்லை. ஆனால் ஒரு நகரத்தைக் கையாற் செய்து முடிக்க எத்தனை ஆண்டு வேண்டும்!

மைக்றோசொவ்ற் நிறுவனம் 2009இல் தன் பறப்புப் பொறியை ஆக்கிவந்த பிரிவை மூடியது. பதினொரு ஆண்டு கழித்து, 2020 ஓகஸ்ட் 18ஆம் நாள், பிரான்சிய நாட்டு அசோபோ என்னும் நிறுவனம் ஆக்கிய புதிய பதிப்பை வெளியிட்டது. அதில் உலகம் முழுவதும் உண்டு என்றனர். நானூறுக்கு மேற்பட்ட நகரங்கள் ஒளிப்பட அளவையால் ஆனவை. 37,000 விமான நிலையங்கள். 150 கோடி கட்டிடங்கள். செய்மதிப் படங்களும் வான்படங்களும் சேர்ந்து இரண்டு பெற்றாபைற்றுக்கு மேற்பட்ட தரவு. ஒரு பெற்றாபைற்று என்பது ஆயிரம் ரெறாபைற்று. நம் கணினி அறையிலுள்ள கணினி ஒன்றிலும் ஒரு ரெறாபைற்றுக்கு மேல் இடமில்லை. ஆதலின் உலகம் எவர் வீட்டுக்கும் முழுதாக வருவதில்லை. விமானம் எங்கே பறக்கின்றதோ அந்தத் துண்டு நிலம் மட்டும் இணையவழி வந்துகொண்டிருக்கும், கடந்தபின் மறையும். இணையம் மந்தமானால் நகரமும் மந்தமாகும்.

நானூறு நகரம் போக எஞ்சிய உலகத்தை எவ்வாறு நிரப்பினர்? ஒஸ்திரியாவின் கிறாஸ் நகரிலுள்ள பிளாக்ஷார்க் என்னும் நிறுவனம், நேர்கீழ் நோக்கி எடுத்த படங்களைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்து, எது கூரை, எது மரம், எது வீதி எனப் பிரித்தறியப் பழக்கியது. கூரையின் வெட்டுமுகத்தையும் நிறத்தையும் கண்டு, அது குடியிருப்பா பண்டகசாலையா என ஊகித்து, உயரத்தையும் ஊகித்து, அதற்கேற்ற கட்டிடத்தைப் பொறி எழுப்பும். இது முன்னைய தன்னாக்கத்திலும் மேலானது; கட்டிடம் இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்கும். எனினும் ஊகம் ஊகமே. எவ்வளவு தேர்ந்த மாணவனாயினும் காணாத செய்யுளுக்குப் பொருள் சொல்லும்போது சிலவிடத்துத் தடுமாறுவான். தடுமாறும்போதும் தயங்காது சொல்வான். இலண்டனில் அரசியின் பக்கிங்காம் மாளிகை அலுவலகக் கட்டிடம் போல நின்றது. 2021 பெப்ரவரியில் பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் உரிய திருத்தம் வந்தபோது, இலண்டன், ஒக்ஸ்போட், கேம்பிறிச் முதலிய ஐந்து நகரங்கள் ஒளிப்பட அளவையாற் புதுப்பிக்கப்பட்டன.

பிழைகளுள் பெயர்பெற்றது மெல்பேண் நகரிலெழுந்த கோபுரம். அந்நகரின் வடபுறத்தே போக்னர் என்றொரு குடியிருப்பு உண்டு. மாடி வீடுகளே அரிதான அமைதியான இடம். பொறி வெளிவந்து சில நாட்களில், அவ்விடத்தே மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஊசிபோல ஒரு கோபுரம் நிற்பதைப் பறந்தோர் கண்டனர். உலகெங்குமிருந்து பலர் அதனைக் காணப் பறந்துசென்றனர். அதன் உச்சியில் விமானத்தை இறக்க முயன்றோரும் உளர். காரணம் சிறிது. பொதுமக்கள் வரையும் அவ்வுலகப்படத்தில் எவரோ ஒருவர் அவ்வீட்டின் தளம் இரண்டு என எழுதக் கருதி, விரல் தவறி 212 என எழுதிவிட்டார். அப்பிழையை மற்றொருவர் கண்டு படத்தில் திருத்தியும் விட்டார். ஆனால் திருத்துமுன் எடுத்த பிரதியே பொறிக்குட் சென்றிருந்தது. ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பிழை நூற்றாண்டுகள் நின்று பாடபேதமான கதையை வகுப்பில் சொல்லிவரும் எமக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. மெல்பேணில் வாழும் நம் பழைய மாணவர் போக்னர் வழியே செல்வாராயின் தலையுயர்த்தி நோக்குக. அங்கே வானம் வெறுமையாகவே இருக்கும்.

நகரம் மாறும், பொறியிலுள்ள நகரம் படமெடுத்த நாளில் நின்றுவிடும். இதனால் விளையும் சிக்கல் நகைப்புக்குரியது மட்டும் அன்று. 2001 செப்ரெம்பர் 11இல் நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரம் வீழ்ந்தபோது, அவ்வாண்டுப் பதிப்பு வெளிவரும் தறுவாயில் இருந்தது. நிறுவனம் வெளியீட்டைத் தள்ளிவைத்து அக்கோபுரங்களை நீக்கிற்று. சிக்காகோவின் மெய்க்ஸ் நிலையத்தின் ஓடுபாதையை 2003 மார்ச் இறுதியில் ஓரிரவில் நகர முதல்வரின் ஆணையால் இயந்திரங்கள் வந்து கிண்டி எறிந்தன. இன்று அவ்விடம் பூங்கா. இருபது ஆண்டாக அங்கிருந்தே பறக்கப் பழகியோர் அதனைத் தம் கணினியில் மீண்டும் கட்டிக்கொண்டனர். ஹொங்கொங்கின் கைராக் நிலையமும் அவ்வாறே. கவுலூன் நகரின் அடுக்குமாடிகளின் மேலே தாழப் பறந்து, சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டமிட்ட ஒரு குன்றுச் சரிவை நேர்நோக்கிச் சென்று, அதனை அணுகும் வேளையில் வலப்புறம் 47 பாகை திரும்பி இறங்கவேண்டும். கருவி காட்டாத வழி அது, கண்தான் காட்டவேண்டும். கீழே நகரம் இல்லாவிடில் அந்த இறக்கத்திற்கே பொருளில்லை. 1998 யூலை 6ஆம் நாளோடு அந்நிலையம் மூடப்பட்டது. அதன் ஓடுபாதையில் இன்று எவ்விமானமும் இறங்காது; ஆனால் உலகெங்கும் எத்தனையோ வீடுகளில் ஒவ்வோர் இரவும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. அதற்குரிய கவுலூனை ஆர்வலர் தம் கைப்படச் செய்தனர்.

எந்நகரம் உள்ளவாறு தோன்றும், எந்நகரம் ஊகத்தால் நிரப்பப்படும் என்பதை முடிவுசெய்வது யாது? மாணவர் எம்மைக் கேட்டது இதுவே. விடையில் மறைபொருள் ஒன்றும் இல்லை. சரிந்து நோக்கும் படம் எடுக்க விமானம் அந்நகரின்மேல் மணிக்கணக்கிற் பறக்கவேண்டும். அதற்குச் செலவு உண்டு. அரசின் அனுமதியும் வேண்டும். பாதுகாப்பை முன்னிட்டு வான்படத்துக்கு இசையாத அரசுகள் பல. இவ்வாறான படங்கள் முதலில் எடுக்கப்பட்டதும் விமான விளையாட்டுக்காக அன்று, வழிகாட்டும் உலகப்படங்களுக்காக. அவற்றை வாங்குவோர் மிகுந்த நாடுகளிலேயே அவை மிகுந்தன. புதிய பொறியின் முதற் பெருந்திருத்தம், 2020 செப்ரெம்பரில், யப்பானுக்கு வந்தது. ரோக்கியோ முதலாக ஆறு நகரங்கள். ஆகவே காசும் அனுமதியும் வாங்குவோரும் ஒருங்கு சேர்ந்த இடத்தில் நகரம் மெய்யாகும். இதனை யாம் வஞ்சகம் என்று சொல்லமாட்டோம். ஆனால் இதனை 'உலகம் முழுவதும்' என்று விளம்பரம் செய்வதைத் தமிழாசிரியன் திருத்தாளில் கண்டால் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பான்.

இனி எம் கண்ணாற் கண்டதைச் சொல்வோம். மாணவன் ஒருநாள் பலாலியிலிருந்து விமானத்தை எழுப்பினான். அவன் கையாண்ட பொறியின் பெயர் ஈண்டு வேண்டாம். ஓடுபாதை சரியான திசையிற் கிடந்தது. தெற்கே திரும்பினோம். கடனீரேரியின் நீலமும், கரையோரத்துக் கோட்டையின் ஐங்கோணமும் கண்டு மகிழ்ந்தோம். அணுகியபோது கோட்டை சுவரின்றித் தரையில் ஒட்டிய படமாகக் கிடந்தது. கோவிற் கோபுரம் நின்ற இடத்தில் மூன்று மாடிக் கட்டிடம் ஒன்று சாளரங்களோடு நின்றது. பனந்தோப்புகளில் பனை இல்லை. வட்டமாகத் தழைத்த மேனாட்டு மரங்கள் நின்றன. வீடுகளுக்கு வேலியோ கிடுகோ இல்லை. "சேர், எங்கடை பள்ளிக்கூடம் இதுதான்" என்று மாணவன் காட்டிய இடத்தில் நீண்ட பண்டகசாலை ஒன்று நின்றது. மைதானம் மட்டும் சரியாக இருந்தது. வெறும் நிலத்தைப் பொறியாலும் கெடுக்க முடியவில்லை.

சில வாரங்களின்பின், மலர் வேலையாக இலண்டனிலிருந்து வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் கணினி அறைக்கு வந்தார். எமக்கு இருபது ஆண்டு மூத்தவர். மாணவன் அவர் விருப்பப்படி இலண்டன்மேற் பறந்தான். அவர் வாழும் தெருவை அவரே காட்டினார். தம் வீட்டுக் கூரையும், பின்புறத்துக் கொட்டிலும், எதிர்வீட்டு மரமும் இருந்தபடியே இருக்கக் கண்டு, "உதிலைதான் நான் முப்பது வருஷமாய் இருக்கிறன்" என்றார். பின்னர் தாம் பிறந்த ஊரைக் காட்டச் சொன்னார். அது வலிகாமம் வடக்கில், பலாலிக்கு அண்மையது. 1990இல் அவ்வூரார் எல்லோரும் வெளியேறினர். பின்னர் நெடுங்காலம் அது உயர் பாதுகாப்பு வலயமாய் இருந்தது. காணி விடுவிக்கப்பட்டபின் ஒருமுறை சென்று பார்த்திருந்தார். வீடு இல்லை, அத்திவாரமும் கிணறும் மட்டும் எஞ்சியிருந்தன.

விமானம் தாழ்ந்தது. அக்காணியில் இரண்டு வீடுகள் நின்றன. செந்நிறக் கூரை, வெள்ளைச் சுவர், முன்னே செதுக்கிய புல்தரை. பற்றையையும் இடிபாட்டையும் மேலிருந்து கண்ட பொறி, அவற்றைக் கூரையென ஊகித்திருந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்து நோக்கினார்.

"தம்பி, ஆரோ வீடு கட்டியிருக்கினம்" என்றார். சற்றுப் பொறுத்து, "கிணறு எங்கை?" என்றார்.

கிணறு இல்லை. பொறியின் கையிருப்பில் கிணறு என்று ஒரு பொருள் இல்லை. மாணவன் விமானத்தை நிறுத்திவிட்டு, எம்மை ஒருமுறை பார்த்தான். பின் கணினியில் அந்தப் பொதுமக்கள் உலகப்படத்தைத் திறந்தான். 2004இல் இங்கிலாந்திலே தொடங்கப்பட்டு, எவரும் பெயரைப் பதிந்துகொண்டு திருத்தக்கூடியதாக நடைபெற்றுவரும் படம் அது. மெல்பேண் கோபுரத்தை எழுப்பியதும் அதுவே, வீழ்த்தியதும் அதுவே. அதற்கொரு விதி உண்டு: இன்று நிலத்தில் உள்ளதையே குறிக்கலாம்; முன்பு இருந்ததையும் இனி வரவேண்டியதையும் குறிக்கலாகாது. பெரியவர் வீட்டின் சுவர்கள் ஓடிய விதத்தை விரலால் திரையில் வரைந்து காட்டினார். அதனைக் குறிக்க இயலாது என மாணவன் தாழ்ந்த குரலில் விளக்கினான். அவர் மறுப்பொன்றும் சொல்லவில்லை. கிணறு இன்றும் உண்டு. அது குறிக்கத் தக்கது. வேம்பின் தெற்கே எத்தனை அடி, ஒழுங்கையிலிருந்து எத்தனை அடி என்று அவர் சொல்லச் சொல்ல, செய்மதிப் படத்தில் அவ்விடத்தைத் தேடி மாணவன் ஒரு புள்ளியை வைத்தான். அப்புள்ளி சில நிமிடங்களில் உலகப்படத்தில் ஏறியது. பறக்கும் பொறிகளில் ஏறுவது, அவற்றை நடத்துவோர் அடுத்தமுறை இப்படத்தைப் பிரதி எடுக்கும்போதே. அப்போதும் கிணற்றை அவர்கள் பொருட்படுத்துவர் என்று உறுதி கூறுவதற்கில்லை.

அன்று தொடங்கிய வேலையை உயர்தர வகுப்பு மாணவர் அறுவர் சனிக்கிழமைகளிற் செய்துவருகின்றனர். கல்லூரியின் பிரதான மண்டபம், வகுப்பறைத் தொகுதிகள், நூலகம், விளையாட்டு மைதானம் யாவும் உருவரையோடு குறிக்கப்பட்டுவிட்டன. பிரதான மண்டபத்துக்குத் தளம் எத்தனை எனக் கேட்கும் கட்டத்தில் இரண்டு என எழுதினோம். எழுதியதை மாணவன் ஒருமுறை வாசித்தான், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு யாமும் ஒருமுறை வாசித்தோம், அதன்பின்னரே அனுப்பினோம்.